எம்ஜிபியா, மியாட்டாவா: வளைவில் தெரியும் 27 ஆண்டு இடைவெளி

இரண்டு இருக்கை, துணிக் கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம், ஏறத்தாழ 950 கிலோ எடை. விவரக் குறிப்பை மட்டும் பார்த்தால் பிரிட்டனின் எம்ஜிபியும் ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5உம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் உருவானது. அமெரிக்காவில் மியாட்டா என்று அழைக்கப்படும் எம்எக்ஸ்-5, 1989 பிப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் திரை விலகி, ஹிரோஷிமாவிலிருந்து வெளிவந்தது. டோஷிஹிக்கோ ஹிராய் தலைமையிலான மாஸ்டா குழு 1960-களின் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களை (கூரை திறக்கும் இரு இருக்கைக் கார்களை) மனத்தில் வைத்தே அதைச் செதுக்கியது. பழைய வடிவம் அப்படியே இருக்க, அதற்குள்ளிருந்த எலும்பும் நரம்பும் முழுக்க மாறிவிட்டன.

இந்த இரண்டில் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனில் பேச்சைத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. திறனை வாங்கிய பிறகும் கூட்டிக்கொள்ளலாம், குறைவாக இருந்தாலும் பழகிக்கொள்ளலாம். பின் ஆக்சில் எப்படித் தொங்குகிறது, முன்சக்கரம் எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது என்பவை காரோடு பிறந்தவை. முடிவை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனாலும் எஞ்சின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது.

இங்கே எம்ஜிபி என்றால் 1974 வரையிலான குரோம் பம்பர் ரோட்ஸ்டர். மியாட்டா என்றால் 1989 முதல் 1997 வரையிலான முதல் தலைமுறை. 1974இன் பிற்பகுதியில் எம்ஜிபிக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது, காரின் உயரத்தை 38 மில்லிமீட்டர் தூக்கினார்கள். ரோட்ஸ்டரில் வளைவில் சாய்வைக் குறைக்கும் முன் ஆன்ட்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். முன்னும் பின்னும் பார் பொருத்தியது 1977 மாடலில்தான். இடைப்பட்ட கார்கள் வளைவில் படகு போலச் சாயும். அமெரிக்காவுக்குப் போன 1975க்குப் பிந்தைய கார்களில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டருக்குப் பதில் ஒற்றை ஜெனித் ஸ்ட்ராம்பெர்க் இருந்ததால் திறனும் வெகுவாக விழுந்தது. ரப்பர் பம்பர் காரைத் தாழ்த்தவும் பார் போடவும் வழி இருக்கிறது. அந்த வேலைகள் ஏற்கெனவே முறையாக முடிந்த கார் கிடைத்தால் ஒழிய, சாலைப் பிடிப்புக்காக வாங்குபவர் குரோம் பம்பரையே தேடலாம்.

ஒரே டார்க், வேறு வேறு இடத்தில்

எம்ஜிபியின் 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின் 95 குதிரைத்திறனை 5400 ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்றில்) தரும். 149 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை) 3000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். மியாட்டாவின் 1.8 லிட்டர் எஞ்சின் 1839 சிசி, 128 குதிரைத்திறன். அதன் உச்ச டார்க் எவ்வளவு? அதே 149 நியூட்டன் மீட்டர், ஆனால் 5000 ஆர்பிஎம்மில். கொள்ளளவும் டார்க்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க, 33 குதிரைத்திறன் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றால், டார்க்கை எவ்வளவு மேலே வரை இழுத்துப் பிடிக்க முடிகிறது என்பதிலிருந்துதான். எம்ஜிபியின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடியில்) நான்கு சிலிண்டருக்கு மொத்தமே ஐந்து வழிகள்: காற்று உள்ளே போக இரண்டு, புகை வெளியே வர மூன்று. 5000ஐத் தாண்டினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். மியாட்டாவில் இரட்டை கேம் ஷாஃப்ட், 16 வால்வு. முதலில் வந்த 1597 சிசி எஞ்சின் 116 குதிரைத்திறனை 6500இல் தரும், 7200 வரை ஓடும். அதன் டார்க் 136 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 5500இல்.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும்? மூன்றாம் கியரில் 2000 ஆர்பிஎம்மில் வந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எம்ஜிபி உடனே இழுக்கும். 1.6 மியாட்டா யோசிக்கும். இரண்டாம் கியருக்கு இறங்கினால்தான் உயிர் வரும். 4000க்கு மேல் கதை தலைகீழ். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 97 கிலோமீட்டரை எட்ட எம்ஜிபிக்கு ஏறத்தாழ 12 விநாடி, மியாட்டாவுக்கு ஏறத்தாழ 9. உச்ச வேகம் முன்னதில் 165 கிலோமீட்டர் அளவில், பின்னதில் 185க்கு மேல். கியரை அடிக்கடி மாற்றுவது பிடிக்கும் என்பவருக்கு மியாட்டா. ஒரே கியரில் போட்டுவிட்டு மேடு பள்ளம் பார்க்காமல் போக விரும்புபவருக்கு எம்ஜிபி.

நெடுஞ்சாலையில் இன்னொரு திருப்பம் உண்டு. எம்ஜிபியின் கியர் பாக்ஸ் நான்கு வேகம் கொண்டது. நாலாம் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ 3450 ஆர்பிஎம் சுற்றும். லேகாக் ஓவர்டிரைவ் (ஸ்விட்ச்சால் சேரும் கூடுதல் உயர் கியர்) இருக்கும் காரில் ஸ்விட்ச்சைத் தட்டினால் அது 2800க்கு இறங்கும். ஐந்து கியர் கொண்ட 1.6 மியாட்டா அதே வேகத்தில் 3300ஐ ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய காரே நீண்ட பயணத்தில் நிதானமாகப் போவது இதனால்தான். ஆகவே ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபியை, மற்றவை எல்லாம் சமம் என்றால், ஒதுக்கிவிடலாம்.

ஓவர்டிரைவ் வேலை செய்யாமல் இருந்தால் அது பாழாகிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் மூன்றே காரணங்கள்: எண்ணெய் மட்டம் குறைந்திருக்கும், அதை மின்சாரத்தால் இயக்கும் சாலினாய்டுக்குப் போகும் வயரோ அதன் முனையோ அறுந்திருக்கும், அல்லது கியர் பாக்ஸில் உள்ள இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் கெட்டிருக்கும். எஞ்சினை நிறுத்தி இக்னிஷனைப் போட்டு, நாலாம் கியரில் தள்ளி, ஓவர்டிரைவ் ஸ்விட்ச்சைத் தட்டினால் அடியிலிருந்து சாலினாய்டின் ‘டக்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் மின்சாரம் சரி, எண்ணெயைப் பார்க்கவும். கியர் பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய். அது 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில். ‘கியர் பாக்ஸுக்கு கியர் ஆயில்தானே’ என்று தடித்த ஹைப்பாய்டு எண்ணெயை ஊற்றிவிட்ட கார்கள் நிறைய உண்டு. வாங்கியதும் அதை வடித்து மாற்ற வேண்டும்.

முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (பற்களின் வேகத்தைச் சமமாக்கிச் சேர்க்கும் அமைப்பு) இல்லாத கார்கள் 1967இன் இறுதி வரை வந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்கினால் பற்கள் கத்தும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இது பெரிய குறை. அதே 1967இல்தான் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பாசிட்டிவ் எர்த் போய் நெகட்டிவ் எர்த் வந்தது. ஐந்து பேரிங் கிராங்க் ஷாஃப்ட் 1964இன் இறுதியிலேயே வந்துவிட்டது. எனவே 1968 முதல் 1974 வரையிலான எம்ஜிபிதான் ஓட்டுவதற்கு ஏற்ற எம்ஜிபி.

பின் ஆக்சில்: பிரிவு இங்கேதான்

எம்ஜிபியின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு ஆக்சில், இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காரின் எடையைத் தாங்குவது, ஆக்சிலை நேராகப் பிடித்து வைப்பது, எஞ்சின் தள்ளும் விசையையும் பிரேக்கின் விசையையும் பாடிக்குக் கடத்துவது, இந்த வேலைகள் எல்லாம் அந்தப் பட்டாக்களின் தலையில். ஒரு வேலைக்காரனுக்கு நான்கு வேலை கொடுத்தால் எதையும் முழுதாகச் செய்ய மாட்டான். வேகமாகக் கிளம்பும்போது பட்டா ‘எஸ்’ வடிவில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு விடுபடும்போது சக்கரம் தரையைத் தட்டித் தட்டி எழும். வளைவின் நடுவில் ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் மறுபக்கச் சக்கரமும் சாய்ந்துகொள்ளும். வால் பகுதி ஒரு விரல்கடை பக்கவாட்டில் தாவி மறுபடி பிடிக்கும். வழவழப்பான சாலையில் இது எதுவும் தெரியாது. அங்கே எம்ஜிபி மெல்லச் சாய்ந்து, முன்பக்கம் சற்றே வெளியே தள்ள, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தியதும் கோட்டுக்குத் திரும்பும். சறுக்கத் தொடங்குவதை வெகு முன்னதாகவே சொல்லிவிடும். இந்த நேர்மைதான் அதன் பெரிய குணம்.

மியாட்டாவில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழும் தாங்கும் இரு கைகள். ஒவ்வொரு சக்கரமும் தன் மேட்டைத் தானே ஏறி இறங்கும். டிஃபரன்ஷியல் (விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரிக்கும் பெட்டி) பாடியோடு கட்டப்பட்டிருப்பதால் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை மிகக் குறைவு. அதைவிட முக்கியமானது கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரே விறைப்பான அலுமினிய விட்டத்தால் இணைத்திருப்பது. மாஸ்டா அதை பவர் பிளான்ட் ஃபிரேம் என்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டுத் தொட்டால் டிரைவ் லைன் முறுக்கிக்கொண்டு பிறகு தள்ளாது. கால் அசைந்த கணமே பின்சக்கரம் அசையும். வளைவில் காரை வலது காலால் திருப்ப முடிகிறது என்று ஓட்டியவர்கள் சொல்வதற்கு இந்த விட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதி எடைப் பங்கீடு: ஓட்டுநர் அமர்ந்த நிலையில் முன்னும் பின்னும் ஏறத்தாழ 50:50.

சக்கர இடைவெளி எம்ஜிபியில் 2311, மியாட்டாவில் 2265 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனால் ஈரச் சாலையில் கெட்டியாகிப்போன பழைய டயரோடு மியாட்டாவின் வால் வெளியே போனால், எம்ஜிபியைவிட வேகமாகப் போகும். அதன் பிடிப்பு எல்லை உயரத்தில் இருக்கிறது. அந்த எல்லையை மீறும்போது வேகமும் கூடுதலாகவே இருக்கும். புதிதாகப் பின்சக்கர இயக்கம் பழகுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முன்பக்கம்: ஷாக் அப்சார்பரே மேல்கையாக இருக்கும் விசித்திரம்

இரண்டு காரிலும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். குரோம் பம்பர் எம்ஜிபியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று சுற்றுக்கும் சற்றுக் குறைவு. அந்தக் காலத்துக்கு அது மிகக் கூர்மை. நின்ற இடத்தில் திருப்பக் கனமாக இருக்கும், நகர்ந்ததும் லேசாகிவிடும். பவர் ஸ்டியரிங் இல்லாத மியாட்டா இதைவிடச் சற்று மெதுவான ரேக் கொண்டது, ஆனால் சாலையின் சொரசொரப்பைக்கூட விரலுக்குக் கொண்டுவரும். பவர் ஸ்டியரிங் உள்ள மியாட்டாவும் மோசமில்லை.

எம்ஜிபியின் முன் சஸ்பென்ஷனில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதன் லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பரின் கையே மேல் விஷ்போனாகவும் வேலை செய்கிறது. ஷாக் அப்சார்பரின் ஷாஃப்ட் தேய்ந்து ஆட்டம் கண்டால் சக்கரத்தின் கேம்பரே (செங்குத்திலிருந்து சாயும் அளவே) ஆடும். நேர்ச்சாலையில் கார் அங்கும் இங்கும் அலைந்தால் அலைன்மென்ட் கடைக்கு ஓடும் முன் இதைப் பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் எங்கே என்று உதவிக்கு ஒருவரை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்: ஷாக் அப்சார்பரின் கை, கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு), வீல் பேரிங், கீழ் விஷ்போன் புஷ் (மூட்டிலுள்ள ரப்பர் உறை), இந்த நான்கில் ஒன்று அசையும். வீல் பேரிங்கை ஷிம் (மெல்லிய உலோக வளையம்) வைத்துச் சரிசெய்வார்கள்; அச்சு ஆட்டம் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஷிம்மைத் தூக்கி எறிந்துவிட்டு நட்டை மட்டும் முறுக்கிய கார்கள் உண்டு. அதில் ஸ்டப் ஆக்சில் வளைந்து களைத்துப்போகும், பிரேக் பேடும் பின்னுக்குத் தள்ளப்படும்.

கிங் பின்னுக்கு 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போது அடித்தால் எடை அழுத்தும் பக்கத்தில் கிரீஸ் போகாது. காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவறாமல் செய்த காரையும் செய்யாத காரையும் நூறு மீட்டர் ஓட்டினாலே பிரித்துவிடலாம்.

மியாட்டாவின் முன்பக்கத்தில் கிரீஸ் அடிக்க எதுவும் இல்லை. அதன் நோய் வேறு. விஷ்போன் புஷ்களின் ரப்பர் இத்தனை ஆண்டுகளில் வெடித்துக் காய்ந்திருக்கும். கேம்பரையும் டோவையும் (சக்கரத்தின் முன்முனை உள்ளே, வெளியே திரும்பும் அளவையும்) மாற்றும் எக்சென்ட்ரிக் போல்ட், புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். அலைன்மென்ட் செய்யப் போகும் வாரத்துக்கு முன்பே ஊடுருவும் எண்ணெயைத் தினமும் அடித்து வைத்தால் பாதி போல்ட்டுகள் அசையும். மீதியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புதிய போல்ட், புதிய புஷ் கையில் இல்லாமல் அந்த வேலையைத் தொடக்கூடாது.

புதிய புஷ் போடுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று. காரைத் தூக்கி வைத்த நிலையிலேயே போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்தத் தொங்கும் நிலையில் பூட்டிக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்டே இருக்கும். கார் உயரமாக நிற்கும், ஓரிரு ஆண்டில் ரப்பர் கிழியும். சக்கரத்தின் மேல் காரின் எடை இறங்கிய பிறகே இறுதி முறுக்கு. எம்ஜிபியின் பட்டா புஷ்களுக்கும் இதே விதி.

அலைன்மென்ட் அளவு: சாலைக்கு ஓட்டும் மியாட்டாவுக்கு முன்னால் கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5 டிகிரி, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) 5 டிகிரியை ஒட்டி, முன் டோ பூஜ்யம், பின்னால் மொத்தம் 2 முதல் 3 மில்லிமீட்டர் டோ-இன். ஓட்டுநரின் எடையை இருக்கையில் வைத்து, பாதித் தொட்டி பெட்ரோலோடு அளக்க வேண்டும். பின்னால் டோ-இன் இல்லாமல் விட்டால் பிரேக் அடிக்கும்போது வால் அலையும். எம்ஜிபியில் இப்படி மாற்றிக்கொள்ள டோவைத் தவிர எதுவும் இல்லை. கேம்பரும் காஸ்டரும் ஆலையிலிருந்து வந்தபடிதான். அவை தவறாகக் காட்டினால் ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்று பொருள். ஒரு வகையில் இது வசதியும்கூட.

எம்ஜிபியை எவ்வளவு தூரம் திருத்தலாம்

நிறையத் திருத்தலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் நான்கு லீவர் ஆர்ம்களையும் புதுப்பித்தவையாக மாற்ற வேண்டும். எண்ணெய் கசிந்து வற்றிய லீவர் ஆர்முக்கு மேல் மூடியைக் கழற்றி எண்ணெய் ஊற்றினால் சில வாரம் ஓடும்; ஷாஃப்ட் சீல் தேய்ந்திருந்தால் மறுபடி கசியும். அடுத்து வளைவு இழந்து தட்டையான பட்டாக்களை மாற்றுவது. மூன்றாவது, கீழ் விஷ்போனின் உள் புஷ்களுக்குப் பதில் எம்ஜிபியின் ஜிடி வி8 மாடலின் விறைப்பான புஷ்கள். குறைந்த செலவில் ஸ்டியரிங்கை இவ்வளவு கூர்மையாக்கும் மாற்றம் வேறில்லை. நான்காவது, தேவைப்பட்டால் சற்றுத் தடித்த முன் ஆன்ட்டி ரோல் பார்.

இந்த நான்கோடு நிறுத்திக்கொண்டால் கார் அதன் இயல்பிலேயே இனிமையாக ஓடும். பலர் இவற்றைத் தாண்டிக் குதித்து, டெலிஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பரும் 195 மில்லிமீட்டர் டயரும் போட்டுவிட்டு, ஸ்டியரிங் கல் போல ஆகிவிட்டது என்று வருந்துகிறார்கள். எம்ஜிபிக்கு 165 அகல டயர் போதும். அகலம் கூடினால் பிடிப்பு கூடும், ஆனால் அந்தக் காரின் மொழியே அந்த மெல்லிய டயரின் சறுக்கலில்தான் இருக்கிறது. மியாட்டாவுக்கும் ஆலையிலிருந்து வந்த 185/60 ஆர்14 அளவே பொருத்தம்.

என்ன செய்தாலும் அந்த ஒற்றை ஆக்சில் அங்கேயே இருக்கும். திருத்திய எம்ஜிபி நல்ல சாலையில் ஒரு சாதாரண மியாட்டாவோடு தோள் சேர்ந்து போகும். சாலை உடைந்த இடத்தில் மியாட்டா விட்டுவிட்டுப் போய்விடும்.

பிரேக்கில் எம்ஜிபியின் முன் டிஸ்க் 273 மில்லிமீட்டர், 1.6 மியாட்டாவுடையது 235, 1.8இல் 255. அளவில் பழைய கார் பெரிது என்றாலும் மியாட்டாவின் முன் டிஸ்க் காற்றோட்டம் உள்ளது, பின்னாலும் டிஸ்க். எம்ஜிபிக்குப் பின்னால் டிரம், பழைய கார்களில் பெடலை லேசாக்கும் சர்வோவும் இருக்காது. காலை அழுத்தமாக ஊன்ற வேண்டும். பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் முதலில் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்கவும். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி, போன திரவத்தைத் திரும்ப விடாது. மியாட்டாவில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கேபிளை இறுக்குவது தவறான வைத்தியம். பின் காலிப்பரின் பின்புறம் 14 மில்லிமீட்டர் மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றி உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீயை விட்டு, டிஸ்க் பிடிபடும் வரை வலப்புறம் திருப்பி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்வாங்க வேண்டும். இரு பக்கமும் இதைச் செய்த பிறகே கேபிளைத் தொடலாம். பல மியாட்டாக்களில் பெடல் மிருதுவாக இருப்பதற்கும் காரணம் இதுதான்.

எஞ்சினைக் கையால் கேட்பது, கருவியால் கேட்பது

எம்ஜிபியின் எஞ்சினைச் சரிசெய்ய ஃபீலர் கேஜ், இரண்டு ஸ்பேனர், ஒரு டைமிங் லைட் போதும். வரிசை தவறினால்தான் சிக்கல். எஞ்சின் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.38 மில்லிமீட்டர். பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40. பிளக் 0.64. அதன் பின் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். கார்புரேட்டரை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொட வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, இரண்டு எஸ்யூவும் சம அளவு காற்றை உறிஞ்சும்படி செய்து, ஒன்றின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஒரு கணம் ஏறி அடங்கினால் கலவை சரி. ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறினால் பெட்ரோல் குறைவு. எவ்வளவு சரிசெய்தாலும் ஐடில் நிற்காமல் ஏறி இறங்கினால் திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரைப் புது ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போட்டு எடுத்தாக வேண்டும்.

ஹெட் இரும்பு. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக்குச் செய்தது என்பதால், எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் கடினப்படுத்தப்பட்டவையா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். வால்வு இடைவெளி ஓயாமல் குறைந்துகொண்டே வந்தால் வால்வு இருக்கையில் புதைகிறது என்று அர்த்தம். எஞ்சின் சூடாகி ஓடும்போது எண்ணெய் அழுத்தம் 50க்கும் 70 பிஎஸ்ஐக்கும் இடையில் நின்றால் அடிப்பகுதி நலம். கிளட்ச் மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். ஆகவே வாங்குமுன் கிளட்ச் வழுக்குகிறதா என்று மேட்டில் நாலாம் கியரில் இழுத்துப் பாருங்கள்.

மியாட்டாவில் இந்தக் கைவேலை கிட்டத்தட்ட இல்லை. வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் லிஃப்டர்கள் பார்த்துக்கொள்ளும். குளிரில் ‘டக் டக்’ என்று டேப்பட் சத்தம் வந்தால் பெரும்பாலும் எண்ணெய் பழசு. இரண்டு முறை அடுத்தடுத்து மாற்றினால் அடங்கும். டைமிங் பெல்ட் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டியது. அறுந்தாலும் இந்த எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதாது, கார் நின்றுவிடும், அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் கேம் ஷாஃப்ட் சீல்களையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே உழைப்பு மறுபடியும்.

டைமிங் 10 டிகிரி. டயக்னோசிஸ் பெட்டியில் டெஸ்ட் முனையையும் கிரவுண்டையும் இணைத்து, 850 ஆர்பிஎம் ஐடிலில் அளந்து, உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுபவர்கள் 14 டிகிரிக்கு முன்னேற்றுவார்கள். கீழ் ஆர்பிஎம்மில் 1.6க்குக் குறைவாக உள்ள அந்த இழுவை இதில் கொஞ்சம் கிடைக்கும். அப்படிச் செய்தபின் சூட்டில், பாரத்தில் எஞ்சின் கிணுகிணுத்தால் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

மியாட்டாவின் பெரிய ஆபத்து 1991இன் நடுப்பகுதி வரை வந்த 1.6இன் கிராங்க் ஷாஃப்ட் மூக்கு. அந்த மூக்கு நீளம் குறைந்தது. முன் புல்லி போல்ட் தளர்ந்தால் டைமிங் கியரைப் பிடித்திருக்கும் சிறு இரும்புச் சாவியும் அதன் பள்ளமும் அரைபட்டு, டைமிங் கியர் கிராங்க்கின் மேல் ஆடத் தொடங்கும். எஞ்சின் சக்தி இழக்கும், டைமிங் அலையும், புல்லி தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும். புல்லியின் முகத்தில் நான்கு பள்ளம் இருந்தால் குறுகிய மூக்கு, எட்டு இருந்தால் நீண்ட மூக்கு. குறுகிய மூக்குக் கார்களில் பல இன்றும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் பெல்ட் மாற்றும்போது பழைய போல்ட்டையே திரும்பப் போட்டிருந்தாலோ, டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கியிருந்தாலோ நம்ப முடியாது. எஞ்சின் ஓடும்போது முன்னால் நின்று புல்லியின் விளிம்பை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பது அவசியம்.

தேர்வு இருந்தால் 1994 மாடல் முதல் வந்த 1.8 சிறந்தது: பெரிய டிஃபரன்ஷியல், பெரிய பிரேக், விருப்பப் பொருத்தமாக, ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை தரும் டார்சன் லிமிட்டட் ஸ்லிப். பின்னாளில் டர்போவோ சூப்பர்சார்ஜரோ போடும் எண்ணம் இருந்தால் 1.6இன் சிறிய டிஃபரன்ஷியல்தான் முதலில் உடையும்.

யாருக்கு எது

ஓட்டிப் பார்க்கும் முன் டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. பத்து வருட டயரில் ஓட்டினால் எந்தக் காரைப் பற்றியும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டையும் ஒரே சாலையில், எஞ்சின் சூடேறிய பிறகு, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே வளைவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு இருந்தால் மேலும் நல்லது.

வாரம் முழுவதும் ஓட்டவும், மழையிலும் மோசமான சாலையிலும் போகவும், டிராக்கில் ஒரு நாள் கசக்கவும் ஒரே கார் வேண்டும் என்றால் மியாட்டா. வளைவில் அதற்கு நிகராக எம்ஜிபியால் வர முடியாது. அந்த முடிவில் தயக்கம் தேவையில்லை. 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் நிதானமாகப் போய், ஞாயிறு காலையில் ஃபீலர் கேஜோடு குனிந்து நிற்பதையும் பயணத்தின் பகுதியாக நினைப்பவருக்கு, ஓவர்டிரைவ் உள்ள 1968க்குப் பிந்தைய எம்ஜிபி கொடுப்பதை மியாட்டா கொடுக்காது. உதிரி பாகம் இரண்டுக்குமே கவலையில்லை. எம்ஜிபிக்கு முழு பாடியையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புதிதாக அடித்துத் தருகிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு மீட்டெடுப்புத் திட்டத்தையும் பழைய பாகங்களின் மறு உற்பத்தியையும் 2017இல் மாஸ்டாவே அறிவித்தது.

எதைத் தேர்ந்தாலும் கடைசிச் சொல் துருவுடையது. எம்ஜிபியின் கதவுக்குக் கீழே ஓடும் சில் வெறும் தகடல்ல. காரின் முதுகெலும்பே அதுதான். கதவை மூடி வைத்து, காரின் பக்கத்தை ஜாக்கியில் தூக்கும்போது கதவுக்கும் பின் பாடிக்கும் இடையிலான இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உள்ளே அரித்துவிட்டது, மேலே புதுத் தகடு ஒட்டி மறைத்திருக்கிறார்கள். கதவு வாயில் குறுக்குத் தாங்கல் கட்டாமல் சில்லை அறுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்த அலைன்மென்ட்டும் நிற்காது. மியாட்டாவில் அரிப்பு பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில்லின் முனையில் தொடங்கும். கூரையிலிருந்து வடியும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் உள்ள குழாய் வழியே அங்கே இறங்குகிறது. இலை அடைத்தால் தண்ணீர் சில்லுக்குள் தங்கும். இருக்கைக்குப் பின்னால் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் உடனே கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் வளையும் பிளாஸ்டிக் நரம்பை மேலிருந்து விட்டு அடைப்பை எடுத்து, அதன் பிறகு சில்லின் அடி விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தே பேரம் பேச வேண்டும்.